இல்லாத மாதத்தில் எழுதிய பத்திரம்

எங்கள் கடற்கரையில் எழுதத் தெரிந்தவர் மோரிசுகே ஒருவர்தான். பண்ணைக்கு எழுத்தர். அவருடைய அப்பா மீன் உலர்த்துகிறவர். மகனைப் படகில் ஏற்றிப் பார்த்தார். மூன்று தடவையும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். உபயோகமில்லை என்று மலைக்கோயிலில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அங்கே மோரிசுகே பதினோரு வருஷம் பிக்குகளிடம் எழுத்துப் படித்தார். பிறகு ஒரே ஒரு எழுத்தின் கடைசிக் கோடு மேலே போக வேண்டுமா கீழே இறங்க வேண்டுமா என்று தலைமைப் பிக்குவோடு சண்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அந்தக் கோடு பற்றி யார் கேட்டாலும் அறுபது வயதிலும் முகம் சிவக்கும்.

நான் அவருக்கு அடுத்த வீடு. உப்புக் காய்ச்சுகிறவன். பெயர் சுயேகானே. கையெழுத்து போடத் தெரியாது. எங்களைப் போன்றவர்கள் பத்திரத்தில் ஆள்காட்டி விரலைக் கிடத்தி வைப்போம். நுனிக்கும் கணுக்களுக்கும் நேராக மோரிசுகே மையால் புள்ளி வைப்பார். அதுதான் எங்கள் கையெழுத்து. விரலை ஒரு நூல் அசைத்தாலும் திட்டுவார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்குவதற்குப் பயந்தே சொத்து சுகம் எதையும் எழுதி வைக்காமல் செத்துப்போனார்கள்.

குனிமத்சு அப்படிச் சாக விரும்பவில்லை. பாறைக்குக் கீழே இருக்கிற மூன்று வயல் துண்டுகள் அவனுடையவை. கடல் காற்று படாத இடம், நல்ல தண்ணீர். பிள்ளை இல்லை. தலைநகரில் வைத்த ஆண்டுப்பெயர்ப்படி அது கதேய் நான்காம் ஆண்டு. பன்னிரண்டாம் மாதம் தொடங்கியபோது அவனுக்கு இருமலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் தேதி காலை அவன் மனைவி தொகுமே பனியில் இடுப்பளவு புதைந்து நடந்து வந்து எங்களைக் கூப்பிட்டாள். மோரிசுகே போனார், நான் போனேன், சின்னக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கிழவர் வந்தார். வயல் மூன்றும் மனைவிக்கு என்று குனிமத்சு சொன்னான், மோரிசுகே எழுதினார். எப்போதும் போல முதலில் தேதியை எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்குப் போனார். தேதி இல்லாமல் எழுதுவது பாதை போடாமல் வீடு கட்டுவது மாதிரி என்பார். நானும் கிழவரும் விரல் வைத்தோம். ஐந்தாம் தேதி குனிமத்சு போய்விட்டான்.

இதில் கோளாறு எப்போது வந்தது என்றால், பத்தொன்பதாம் தேதி வந்தது. பனிச்செருப்பு கிழிந்து தொங்க ஒரு தபால்காரன் பண்ணை வாசலில் வந்து உட்கார்ந்தான். சூடாகத் தினைக்கஞ்சி குடித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"எழுத்தரய்யா, ஆண்டுப்பெயரு மாறிப்போச்சு. இனிமே கதேய் கிடையாது. ரியகுநின் முதலாம் ஆண்டு."

"எந்தத் தேதியிலிருந்து?"

"பதினோராம் மாசம் இருபத்துமூணு."

மோரிசுகே விரல் விட்டு எண்ணினார். "இன்னிக்குப் பன்னிரண்டாம் மாசம் பத்தொம்பது."

"ஆமாங்கய்யா. வழியில பனி."

"அப்போ நான் இந்த இருபத்தாறு நாளா எழுதினதெல்லாம்?"

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா. இன்னொரு அகப்பை கஞ்சி இருந்தா ஊத்தச் சொல்லுங்க."

வானத்தில் ஏதோ ஒரு செந்நிறக் கிரகம் போகக்கூடாத இடத்துக்குப் போனதாம். அதனால் தலைநகரில் பெரியவர்கள் உட்கார்ந்து ஆண்டுக்குப் புதுப்பெயர் வைத்தார்களாம். வைக்கட்டும். ஆனால் கதேய் நான்காம் ஆண்டு பன்னிரண்டாம் மாதம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று ஆகிவிட்டது. நாங்கள் அந்த மாதத்தில் சாப்பிட்டோம், தூங்கினோம், ஒருவனைக் கொண்டுபோய் எரித்தும் வந்தோம். மோரிசுகே அந்த மாதத்தில் எழுதிய தாள்களை எடுத்து எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்று. அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து வந்த சத்தத்தில் என் அடுப்படிப் பெண்கள் உப்புக் கிளறுவதை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

அத்தோடு விட்டதா என்றால் இல்லை. புத்தாண்டுக்கு முன்னால் பாட்டுப் பாடிப் பிச்சையெடுக்கிற பிக்குணி ஒருத்தி தெற்கேயிருந்து வந்தாள். புதுப்பெயர் ஆகாத பெயர் என்று தலைநகரிலேயே பேசிக்கொள்கிறார்கள் என்றாள். எழுதிப் பார்த்தால் காலக்கணக்கு, கருணை என்று இரண்டு நல்ல எழுத்துகள்தான். காதால் கேட்டால் மட்டும் 'ஆட்களைக் குறைத்தல்' என்று விழுகிறது. எங்கள் ஊரில் எழுதிப் பார்க்கிறவர் ஒருவர், காதால் கேட்கிறவர்கள் முந்நூறு பேர்.

புத்தாண்டில் குடும்பத் தலைவர்களின் பெயர்ப்பட்டியலைப் புதிதாக எழுதுவது வழக்கம். அந்த வருஷம் ஒருவரும் வரவில்லை. வந்த இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"என் பேரை அதுல ஏத்தாதீங்க."

"போன வருஷம் ஏத்தினேனே, உனக்கு என்ன ஆச்சு?"

"போன வருஷம் பேரு வேற. மேல 'ஆளைக் குறை'ன்னு எழுதிட்டுக் கீழ என் பேரை எழுதினா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

"யோவ், அது குறைக்கிறது இல்லைய்யா, கருணை. கருணை. இங்க பாரு, இந்த எழுத்தைப் பாரு."

"எனக்கு எழுத்து தெரியாதுங்களே."

"தெரியாதுல்ல? அப்புறம் என்ன பயம்?"

"காது கேக்குதுங்களே."

மோரிசுகே தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு அன்று முழுக்க விறகு பிளந்தார். போதாக்குறைக்கு அந்த மாதம் இருமல் ஊர் முழுக்கப் பரவி நான்கு கிழங்கள் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு குளிர்காலத்திலும் நான்கு பேர் போவதுதான். இந்தத் தடவை மட்டும் பழி ஆண்டுப்பெயரின் மேல் விழுந்தது. அந்தப் பெயரை எழுதுகிற கை என்பதால் மோரிசுகேயின் தலையிலும் கொஞ்சம் விழுந்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் கெந்தோ வந்தான். குனிமத்சுவின் தம்பி, தொகுமேக்குக் கொழுந்தன். வயலை ஒட்டியே அவன் நிலமும் இருந்தது. அண்ணன் சாவுக்கு வந்தவர்களிலேயே அதிகமாக அழுதவன் அவன்தான். கையில் ஒரு பத்திரம் வைத்திருந்தான். ரியகுநின் முதலாம் ஆண்டு பதினோராம் மாதம் இருபத்தேழாம் தேதி, மூன்று வயலையும் தம்பிக்கே தந்துவிட்டேன் என்று குனிமத்சு சொன்னதாக எழுதியிருந்தது. யாரோ வழிப்போக்கன் பிக்கு எழுதிக் கொடுத்ததாம்.

பண்ணைக் காரியஸ்தர் முன்னால் இரண்டு பத்திரங்களையும் வைத்தார்கள். அவர் நல்ல மனிதர். எதையும் முடிவு செய்யப் பிடிக்காது.

கெந்தோ சொன்னான்: "மதினி பத்திரத்துல தேதியைப் பாருங்க. கதேய் பன்னிரண்டாம் மாசம். அப்படி ஒரு மாசமே கிடையாதுன்னு அரசாணையே வந்திருக்கு. இல்லாத மாசத்துல எழுதின பத்திரம் பொய்ப் பத்திரம்தானே? என்னுதைப் பாருங்க. ஆணைப்படி இருக்கு."

"அப்போ நான் பொய்யா எழுதினேன்கிறியா?" என்றார் மோரிசுகே.

"நான் அப்படிச் சொல்லலை எழுத்தரே. தேதி சொல்லுது."

காரியஸ்தர் இரண்டு பத்திரங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கு விசாரிக்கிற மாகாணக் கச்சேரிக்குப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ஊறுகாய் எடுக்க உள்ளே போனவர் வரவே இல்லை.

கச்சேரி இரண்டு நாள் நடை. அதுவும் இரண்டாம் மாதப் பனியில். கோயில் கிழவர் வர மறுத்துவிட்டார். அங்கே அதிகாரி அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் சாட்சி என்று என் பெயரையும் சொல்லுவார், இந்த வயசில் அது தேவையா என்று கேட்டார். ஆகவே மோரிசுகே, தொகுமே, நான், மூன்று பேர் புறப்பட்டோம். நான்காவதாகக் கெந்தோவும் வந்தான். ஒரே பாதை, பனியில் ஒரே தடம், வேறு எப்படிப் போவான்? முன்னால் போகிறவன் பனியை மிதித்து வழி செய்ய வேண்டும். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்துக்கொண்டோம். தன்னைப் பொய்யன் என்றவனுக்காக மோரிசுகே வழி மிதித்தார். மிதித்த ஒவ்வொரு அடிக்கும் ஏதோ முணுமுணுத்தார், காற்றில் சரியாகக் கேட்கவில்லை. கணவாயில் கெந்தோவின் செருப்புக் கயிறு அறுந்தது. தொகுமே தன் மூட்டையிலிருந்து வைக்கோல் கயிறு எடுத்து எறிந்தாள்.

"இந்தா, கட்டிக்கோ. நீ இங்க விறைச்சுச் செத்தா அதுக்கும் நான்தான் காரணம்னு உன் பொண்டாட்டி வருவா."

"உங்களுக்கு எப்பவும் என் மேல பாசம் மதினி."

"வாயை மூடிக்கிட்டு நட."

கச்சேரியில் விசாரணை அதிகாரி இளவயது ஆள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தொகுமேயின் பத்திரத்தைப் பிரித்தார், முதல் வரியைப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கதேய் நான்கில் பன்னிரண்டாம் மாசம் இல்லை."

"ஐயா, எங்க ஊருக்குச் செய்தி வரவில்லை. வராத செய்தியை நான் எப்படி எழுதுவது?"

"ஆணையில் பதினோராம் மாசம் இருபத்துமூணுன்னு இருக்கு."

"ஆணை தலைநகரில் இருக்கிறது. நான் கடற்கரையில் இருக்கிறேன்."

"அது உங்க ஊர்க் குறை."

"பனி பெய்தது எங்க ஊர்க் குறையா? மலை நடுவிலே நிற்பது எங்க ஊர்க் குறையா? பதினோரு வருஷம் கோயிலில் படித்தவன் நான். ஒரு கோடு தப்பா போட்டதில்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு மாசத்தையே தொலைத்துவிட்டு என்னைப் பொய்யன் என்கிறீர்கள்."

இதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. இரண்டு காவலர்கள் வந்து தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அவருடைய தொப்பி உள்ளேயே கிடந்தது, பிறகு யாரோ தூக்கிப் போட்டார்கள்.

கச்சேரி மதிலுக்கு எதிரே ஒரு கூரைக்கு அடியில் உட்கார்ந்தோம். மத்தியானம். நான் கொண்டுவந்த உப்பு மீனைச் சுட்டுக் கொடுத்தேன். மோரிசுகே சாப்பிடவில்லை. அந்த இளம் அதிகாரி, வழிப்போக்கன் பிக்கு, தலைநகரம், செந்நிறக் கிரகம் என்று வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தார். கெந்தோ சாலைக்கு அந்தப் பக்கம் வறுத்த அவரை தின்றுகொண்டிருந்தான்.

தொகுமே மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள். "எழுத்தரே, கொஞ்சம் நிறுத்துங்க. என் கொழுந்தன் தாள்ல என்ன பேரு போட்டிருக்கு?"

"ரியகுநின். அதான் சரியா இருக்காம்."

"என்ன தேதி?"

"பதினோராம் மாசம் இருபத்தேழு."

"என் வீட்டுக்காரர் அன்னிக்கு அந்தப் பேரைச் சொல்லி எழுதச் சொன்னாராக்கும்."

"ஆமா. அப்படித்தான் அவன்..."

"அந்தப் பேரு நம்ம ஊருக்கு என்னிக்கு வந்துச்சு? அவர் செத்த பிறகுதானே வந்துச்சு? அவருக்கு அந்தப் பேரே தெரியாதே எழுத்தரே. அந்தப் பேரைக் கேக்காமலே போய்ட்டார்."

மோரிசுகே ஒரு மாதமாகத் தன் தாளின் தேதியையே முறைத்துக்கொண்டிருந்தார். தன் கை சுத்தம் என்று நிரூபிப்பதிலேயே இருந்தவர் எதிராளியின் தேதியை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. எழுத்தே தெரியாத நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னை எதற்கு எழுத்தர் என்கிறார்கள் என்று முனகினார். மீனை எடுத்து முள்ளோடு தின்றார்.

"இதை முன்னாடியே கேக்கிறதுக்கு என்ன?"

"கேக்க விட்டீங்களா? மூச்சு விடாம திட்டிக்கிட்டு இருந்தீங்க."

மறுநாள் காலை அவர் தலை வாரி, தொப்பியை நேராக வைத்து, குரலை இறக்கிக்கொண்டு உள்ளே போனார். தன் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தலைநகரில் பெயர் மாறி நான்கே நாளில், ஒரு வழிப்போக்கன் இந்த மாகாணத்தின் கடைசிக் கடற்கரையில் அதை எப்படி எழுதினான் என்று மட்டும் கேட்டார். கச்சேரிக்கே என்றைக்கு ஆணை வந்தது என்று ஐயா பார்க்கலாமே என்றார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டாம் மாதம் பதினைந்தாம் தேதி வந்ததாக அதில் இருந்தது.

எல்லோரும் கெந்தோவைப் பார்த்தார்கள்.

"எங்க அண்ணன் ரொம்ப விவரமான ஆளுங்க" என்றான் கெந்தோ. "அவருக்குச் சில சமயம் கனவு வரும்."

பின்னால் நின்ற காவலன் ஒருவன் சிரித்துவிட்டான். தொகுமே சிரிக்கவில்லை. "அவருக்குக் கனவு வந்தா மீனு கனவுதான் வரும். இருபது வருஷம் பக்கத்துல படுத்தவ சொல்றேன்" என்றாள்.

கெந்தோவின் பத்திரத்தின் குறுக்கே அதிகாரி ஒரு கோடு கிழித்தார். வயல் மூன்றும் தொகுமேக்கு என்று தீர்ப்பு எழுதிக் கொடுத்தார். தேதி, ரியகுநின் இரண்டாம் ஆண்டு இரண்டாம் மாதம் பதின்மூன்று. கெந்தோவுக்குப் பதினைந்து நாள் பாலம் சரிசெய்கிற வேலை தண்டனை. அதையும் பனி இளகியதும் எங்கள் ஊர்ப் பாலத்திலேயே செய்யச் சொன்னார். அவனைத் திரும்ப அழைத்துக்கொண்டு நாங்களே வந்தோம். வழி மிதிக்கிற முறை மறுபடியும்.

மூன்றாம் மாதம் நான்காம் தேதி, பனி உருகிச் சேறாகிக் கிடந்தபோது, அதே தபால்காரன் வந்தான். மோரிசுகே அவனைத் தூரத்தில் பார்த்ததும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவன் கதவுக்கு வெளியே நின்று சொன்னான். ஆட்களைக் குறைக்கிற பெயர் வேண்டாம் என்று தலைநகரிலேயே முடிவாகிவிட்டதாம். இரண்டாம் மாதம் ஏழாம் தேதியிலிருந்து புதுப்பெயர் என்னோ, அதன் முதலாம் ஆண்டு.

 உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏழாம் தேதியா?"

"ஏழுங்கய்யா."

"தீர்ப்பு பதின்மூணு."

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா."

இரண்டு மாதமும் கொஞ்சமும் இருந்தது அந்தப் பெயர். அதற்குள் ஒரு பன்னிரண்டாம் மாதத்தை விழுங்கியது. போகிற போக்கில் கச்சேரியின் தீர்ப்பையே இல்லாத தேதியாக்கிவிட்டுப் போனது. செய்தி ஊருக்குள் பரவிய அன்றே கெந்தோ பாலத்து வேலையைப் போட்டுவிட்டு வயல் வரப்பில் வந்து நின்றான். தொகுமே முழங்கால் சேற்றில் நாற்றங்காலுக்கு மண் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மதினி, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்தத் தீர்ப்பு செல்லாது. தேதி இல்லாத தேதி."

"சரி. போய்ச் சொல்லு."

"எங்க?"

"கச்சேரியில. அந்த மூக்கொழுகி ஐயாகிட்ட போய், ஐயா நீங்க தப்பா எழுதிட்டீங்கன்னு சொல்லு. ரெண்டு நாள் நட. நான் வரலை, எனக்கு விதைக்கணும். கயிறும் தர மாட்டேன்."

அவன் அதிகாரியின் முகத்தை நினைத்துப் பார்த்திருப்பான். பிறகு பாலத்துக்கே திரும்பிப் போனான்.

மோரிசுகேயால்தான் அப்படி விட முடியவில்லை. மூன்று நாள் காரியஸ்தர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். காரியஸ்தர் ஊறுகாய் எடுக்கப் போனாலும் பின்னாலேயே போனார். கடைசியில் ஒரு தாளில் அவருடைய கையொப்பத்தை வாங்கிவிட்டார். 'கதேய் முடிந்த செய்தி இவ்வூருக்கு வந்தது இன்ன நாள், ரியகுநின் முடிந்த செய்தி வந்தது இன்ன நாள், அதுவரை அந்தந்தப் பெயரில் எழுதியவை பிழையல்ல' என்று நான்கே வரி. அதைத் தொகுமேயின் பத்திரத்தோடும் தீர்ப்போடும் சேர்த்து ஒட்டினார். மற்ற முப்பது தாள்களுக்கும் ஒவ்வொரு நகல் எழுதினார். எழுதி முடிக்க ஐந்தாம் மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் அவர் வீட்டுப்பக்கம் நாய்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகும் பெயர்கள் மாறிக்கொண்டேதான் இருந்தன. என்னோ ஒன்றரை வருஷம்கூட இல்லை. நின்ஜி, கான்கென், ஹோஜி என்று வந்தன, போயின. ஒவ்வொரு தடவையும் அவர் திட்டினார். ஆனால் முன்போல விறகு பிளக்கிற அளவுக்குப் போகவில்லை, கைக்கும் வயதாகிவிட்டது.

ஹோஜி இரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தொகுமே அவரைக் கூப்பிட்டனுப்பினாள். தனக்குப் பிறகு வயல் மூன்றும் கெந்தோவின் இரண்டாவது மகளுக்கு என்று எழுதச் சொன்னாள். அந்தப் பெண் நான்கு வருஷமாக அவள் வீட்டில்தான் சாப்பிட்டு, தூங்கி, நடவு நட்டுக்கொண்டிருந்தாள். மோரிசுகே தூரிகையை வைத்துவிட்டார்.

"இதுக்கா நான் கணவாய் ஏறினேன்?"

"அவனுக்கு ஒண்ணும் கொடுக்கலையே. அவளுக்குத்தானே கொடுக்கிறேன்."

"அவளோட அப்பன் அவன்தானே."

"அது அவ தப்பா? எழுதுங்க எழுத்தரே, மை காயுது."

எழுதினார். நாலைந்து தடவை பெருமூச்சு விட்டு, ஒரு எழுத்தும் கோணாமல் எழுதினார். கெந்தோ வாசலில் நின்று மறுபடியும் அழுதான். இந்தத் தடவை அது நிஜமாகத்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. மோரிசுகே ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்து வந்த கென்சோவின் மூன்றாம் ஆண்டு அவர் போனார். படுத்த நான்கு நாளும் மனைவியிடம் கஞ்சி நீர்த்துவிட்டது என்று குறை சொன்னார். தொகுமே இன்னும் இருக்கிறாள். காலையில் அந்தப் பெண்ணோடு வயலுக்குப் போகிறாள். மடையை யார் முதலில் திறப்பது என்று வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற கெந்தோவோடு வாய்ச்சண்டை போடுகிறாள். என் அடுப்படி வரைக்கும் கேட்கிறது.